இருப்பு ஐயம்

கொட்டியாரக் குடாவின் வரைபடத்தில்
மூதூருக்கு நேர் வடக்கே
புள்ளிகளால் ஆன ஒரு சிறு வட்டம்.
உள்ளே ஒரு பாறை.
பக்கத்தில் சாய்வெழுத்தில்: இருப்பு ஐயம்.

யாரோ ஒரு கப்பல்காரன்
மழை இரவொன்றில் அடித்தட்டு அதிர்ந்ததாக
நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதிப்போனான்.
அன்றிலிருந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்
கப்பல்கள் அதைச் சுற்றிப் போகின்றன.

ஒரு பாறையைச் சேர்க்க
ஒருவனின் திடுக்கிடல் போதும்.
அழிப்பதற்கோ
கடல் முழுவதும் சாட்சிக்கு வரவேண்டும்
என்று கொழும்புக் கந்தோர் எழுதியிருந்தது.
இவ்வளவு அழகாக அல்ல.
இணைப்பு மூன்று, பந்தி நான்கு:
"இல்லையென ஐயந்திரிபற நிறுவுக."

ஆகவே வந்தேன்,
ஓர் ஒலிமானியும் மூன்று பற்றரியும்
குமட்டலுக்கு இரண்டு தேசிக்காயுமாக.
படகு கிண்ணியா ஜுனைதீனுடையது.

வடக்கே ஒரு கோடு. திரும்பித் தெற்கே ஒரு கோடு.
கோட்டுக்கும் கோட்டுக்கும் இருபது மீற்றர்.
ஒலி இறங்குகிறது, அடியைத் தொட்டு வருகிறது:
முப்பத்தொன்று. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.
சேறு.
மகாவலி மலையிலிருந்து சுமந்துவந்து கொட்டிய சேறு.

முதல் நாள் பின்னேரம் ஜுனைதீன் கேட்டார்:
"அந்தக் கல்லு இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல
குந்திட்டிருந்தா?"

பத்து மீற்றருக்கு இறக்கினேன்.
மறுநாள் ஐந்து.
ஐந்து மீற்றருக்குள் நாலரை மீற்றர்ப் பாறை
காலை மடக்கிக்கொண்டு உட்காராதா?
தான் நின்ற இடத்தையே அவன்
பிழையாகக் குறித்திருந்தால்?
மூன்றாம் நாள் நான் தேடியது பாறையை அல்ல,
நான் தேடாத இடங்களை.

பாணும் சம்பலும் தின்னும் நேரத்தில்
மகளின் கதையைச் சொன்னார்.
கட்டார் வேலைக்கு, சிபானாவுக்கு,
திருமணமாகாதவர் என்றொரு கடிதம் தேவைப்பட்டதாம்.
கிராம சேவகர் பேனையை மூடிவைத்துவிட்டார்.
"முடிச்சிருந்தா எழுத்தைக் காட்டலாம்.
முடிக்காததுக்கு நான் எதைப் பார்க்கிறது?"
மாவட்டத்துப் பதிவேடெல்லாம் புரட்டினாலும்
புரட்டாத ஒன்று வவுனியாவில் இருக்கும்.
நாலு நாள் நடந்தபிறகு எழுதித் தந்தார்:
நான் அறிந்த வரையில்.
அந்த மூன்று சொல்லில் ஏறிப்
பிள்ளை கடல் தாண்டினாள்.

சிரித்தோம். பிறகு சிரிப்பு எங்கோ தட்டி நின்றது.
இந்த ஊரில் எத்தனையோ பேர்
ஏதோ ஒரு கதவுக்கு முன்னால்
அந்த வாக்கியத்தின் மறுபுறத்தில் நின்றவர்கள்:
அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை.
அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும்.
கயிற்றைச் சுருட்டினார்,
சுருட்டியதை அவிழ்த்து, மறுபடி சுருட்டினார்.

இரவு உப்புவெளி விடுதியில் அறிக்கை.
கடலில் என்று தொடங்கினேன்.
சொல்லின் வாலில் ஓர் 'இல்'
ஒட்டிக்கிடப்பதை அன்றுதான் கண்டேன்.
உள்ளே என்பதற்கும் அதுதான்,
இன்மைக்கும் அதுதான்.
இந்த மொழியை வைத்துக்கொண்டு
நான் எதை நிறுவ?

ஐந்து மீற்றர் இடைவெளி, எழுதினேன்.
மூன்று நாள். காற்று மெல்லியது.
இந்தக் கருவி. இந்தக் கண்.
தென்படவில்லை.
'இல்லை' என்று ஒரு தடவை எழுதி வெட்டினேன்.
வெட்டின் கீழ் அது
முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் மூதூர் இறங்குதுறையில் கட்டியிருந்த
நீர்மட்டக் கோலைக் கழற்றப் போனோம்.
குறுக்கு வழி அந்த வட்டத்தின் மேலால்தான்.
எண்பது தடவை அதன்மேல் படகோட்டிய மனிதர்
இருநூறு மீற்றர் இருக்கையிலேயே
சுக்கானைக் கொஞ்சம் ஒடித்தார்.

ஏனென்று கேட்க நினைத்து
குனிந்து பார்த்தேன்:
என் கை
பக்கப்பலகையை இறுகப் பிடித்திருந்தது.