கோழி வரும் பாட்டு

ஸ்ரீவாணி டாக்கீஸில் படம் ஓடி ஆறு வருடமாகிறது.
திரையைக் கழற்றிவிட்டு மேடை போட்டிருக்கிறார்கள்.
பழைய பேட்டை முழுக்க மஞ்சள் நோட்டீஸ்:
‘இருபத்திரண்டு பாட்டு, ஒரே கதை, இரண்டு நாள் மட்டும்.’

கதை என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது.
மழைப் பாட்டு வர வேண்டும், அதனால் மழை வந்தது.
ரயில் பாட்டு வர வேண்டும்,
கதாநாயகனுக்கு வடக்கே வேலை கிடைத்தது.
ஒரு தாலாட்டு மிச்சமிருந்ததால்
அவசரமாக ஒரு குழந்தை.
அம்மா வேடக்காரி சோகப் பாட்டுக்காகச் செத்தாள்.
அடுத்ததற்குக் கோரஸில் ஆள் குறைந்தது போல,
புடவை மாற்றிக்கொண்டு ஓரமாய் வந்து நின்றாள்.

முனிரத்தினம் எல்லாவற்றுக்கும் தொடையில் தட்டினார்.
முன் வரிசைக்காரர் அதே மெட்டைத் தெலுங்கில் பாட
அவர் மனைவி கன்னடத்தில் அதட்டினாள்.
கிருஷ்ணகிரியில் இதற்குப் பெயர் சண்டையில்லை.

பதினான்காவதோ பதினைந்தாவதோ,
புல்லாங்குழல் தொடங்கியது.
மூன்றாவது சுரத்திலேயே என் கை
அணைப்பதற்கு ரேடியோவைத் தேடியது.

பதினோரு வருடமாக நான் அணைத்துவிடும் பாட்டு.
ஷேர் ஆட்டோவில் வந்தால் இறங்கிவிடுவேன்.
கல்யாண வீட்டில் வந்தால் கை கழுவப் போவேன்.
அன்றைக்கு ஓசூரிலிருந்து
அண்ணனைக் கொண்டுவந்த வண்டி
சுங்கச்சாவடியில் நின்றுவிட்டது.
கிரானைட் ஏற்றிய டிரெய்லர் ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது.
பக்கத்து லாரியில் இந்தப் பாட்டு, முழுதாக.
பல்லவி, சரணம், இன்னொரு சரணம்.
கிளீனர் பையன் ஜன்னலில் காலைப் போட்டுக்கொண்டு
கூடவே பாடினான். அவனுக்கு என்ன தெரியும்.
அண்ணனின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி
என்ஜின் அதிர்வில் ஆடியது.
தாளத்துக்கு ஆடியது என்று யாரிடமும் சொன்னதில்லை.

இங்கே அதே பாட்டு சமையல்காரனுக்கு.
மடித்துக் கட்டிய லுங்கி, அதற்கு மேல் தொந்தி,
கையில் கரண்டி.
காதலிக்குப் பாட வேண்டியதை
உயிருள்ள ஒரு கோழிக்குப் பாடித் துரத்துகிறான்.
கொட்டகை அதிர்ந்தது. முனிரத்தினமும் சிரித்தார்,
பாதியில் ஞாபகம் வந்து என்னைப் பார்த்தார்,
திறந்த வாய் அப்படியே நின்றது.

எழுந்து போகப் பையை எடுத்தேன்.
அப்போதுதான் கோழி மேடையிலிருந்து குதித்தது.
வரிசை வரிசையாகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள்,
யாருடைய பொரியோ சிதறியது,
‘பிடிம்மா, பிடிம்மா’ என்று பின்னாலிருந்து குரல்,
பிடித்துவிட்டேன்.
செவலைக் கோழி. ஒன்றேகால் கிலோ இருக்கும்.
என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு
பாட்டைவிட நாலு மடங்கு வேகமாய் அடித்தது.

சமையல்காரன் இறங்கி ஓடிவந்தான்.
பின்னணி இசை யாருக்காகவும் நிற்பதில்லை, சரணம் வந்துவிட்டது.
வேறு வழியில்லாமல் என் முகத்துக்கு நேரே
மூச்சிரைக்கப் பாடினான்,
மீசை மை வியர்வையில் கரைய,
கண்ணால் மன்னிப்புக் கேட்டபடி,
இரண்டு சரணமும்.
என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.
சிரிப்பு என்றுதான் முனிரத்தினம் சொல்கிறார்.

ஆட்டம் முடிந்து பக்கவாசலில் பார்த்தேன்.
ஒரு பையன் அதைக் கூடை போட்டுக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.
‘எல்லா ஊருக்கும் இது கூடவே வருமா?’
‘இல்லக்கா. அந்தந்த ஊர்ச் சந்தையில வாங்கறதுதான்.
நாளைக்கு ஷோ இருக்கு, அதுவரைக்கும் இருக்கும்.
அப்புறம் நாங்க திருப்பத்தூர்.’
‘நாங்க’ என்பதில் கோழி இல்லை.

மணிக்கட்டில் மூன்று கீறல். மஞ்சள் வைத்திருக்கிறேன்.
காலையில் முனிரத்தினம் கடைக்குக் கிளம்பும்போது
நாளைக்கென்று பாராமல் இன்றைக்கே
டிக்கெட் இருக்கிறதா கேட்டு வரச் சொன்னேன்.
செருப்பை மாட்டியவர் நின்றார்.
‘அந்தப் பாட்டுக்கா?’
‘கோழிக்கு’ என்றேன்.