உள்ளே ஒருத்தி வேண்டும்

கிளமெண்ட் வரவில்லை.
தங்கைக்கு இன்று காசிமேட்டில் நிச்சயதார்த்தம்.
ஆகவே ஷட்டரில் ஸ்பேனரால் இரண்டு தட்டு.
அதுதான் எனக்கு அழைப்பு.
தலையைச் சாய்த்து வண்டிக் கதவைக் காட்டினார்:
உள்ளே ஏறு.

செவ்வாயிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
காரணம் அதோ, வாளிச் சோப்புத் தண்ணீரில்
விலாங்குபோல் சுருண்டு ஊறுகிறது:
கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த ரப்பர் பீடிங்.
ஏழாயிரத்து முந்நூறு.
என் கடைவாய்ப் பல்லை வேர்வரை பார்க்கச்
சேர்த்து வைத்த சீட்டுப் பணம்.
'வண்டி டெலிவரி ஆனதும் தந்துடறேன்' என்றார்.
'எந்த வண்டி?' என்று கேட்டேன்.
அவ்வளவுதான் சண்டை.

ஐம்பத்து மூன்றாம் வருடத்து மோரிஸ் மைனர்.
முன்கண்ணாடி ஒன்றல்ல, இரண்டு.
நடுவில் மூக்குத்தண்டுபோல் ஒரு பட்டை.
பெரம்பூர் ஆடிட்டர் மழைக்கு முன் கேட்கிறார்.
மழையோ எண்ணூர்ப் பக்கம் நின்று
வட்டிக்காரன்போல் செருமிக்கொண்டிருக்கிறது.

மேஜைமேல் போர்வை விரித்து
இரண்டு கண்ணாடியையும் ரப்பருக்குள் பொருத்தினார்.
நடுப்பட்டை இரண்டு முறை வழுக்கியது.
மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு செருகினார்.
என்னால் அது முடியாது.

பிறகு கயிறு.
ரப்பரின் வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் பதித்து
முனை இரண்டையும் கீழ்நடுவில் விட்டார்.
தூக்கி வைத்ததும் அவை என் மடியில் தொங்கின.
அவர் அழுத்துகிற இடத்தில் நான் இழுக்க வேண்டும்.
முந்தினால் ரப்பர் உதடு கிழியும்.
பிந்தினால் தகரத்துக்கு வெளியிலேயே மடங்கிக் கிடக்கும்.
கிளமெண்டிடம் இத்தனை வருடம் கத்தியதை
அடுப்பங்கரையிலிருந்து கேட்டே தெரிந்துவைத்திருக்கிறேன்.

வலது கீழ்மூலை.
அவர் உள்ளங்கை கண்ணாடியில் வெளுத்துத் தட்டையாகிறது.
இழுக்கிறேன்.
விரற்கடை விரற்கடையாக
பொளக் பொளக்கென்று
விளிம்பைத் தாண்டி உள்ளே உட்காருகிறது உதடு.
சோப்பு நுரை முழங்கையில் வழிகிறது.
எத்தனை நாளாயிற்று
இவர் கை போகும் இடத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்து.

மேல்மூலையில் இருக்கும்போது
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி
தண்டையார்பேட்டையையே உலுக்கிக்கொண்டு கடந்தது.
நான் கயிற்றை விட்டுக் கையை வைத்தேன்.
அவரும் மறு கையை வைத்தார்.
கண்ணாடி உடையக்கூடாதே என்றுதான்.
லாரி போன பிறகும்
பின்னால் இன்னொன்று வருமோ என்று
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தோம்.

கடைசி முழம் கயிறு சட்டென்று கையோடு வந்தது.

சீலன்ட் துப்பாக்கியின் மூக்கை
ரப்பருக்கு அடியில் நுழைத்து
மூச்சை விடாமல் ஒரு சுற்று.
பிதுங்கிய கருப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்.
துணி, என் பச்சை நைட்டி.
தேடிக்கொண்டிருந்தேன் அதை.

கருப்பு காயும்வரை ஆளுக்கொரு மூலையில் டீ.

ஹோஸைத் திறந்தார்.
இப்போது என் வேலை வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது.
தண்ணீர் அடிக்க அடிக்க
இரண்டு கண்ணாடியிலும் இரண்டு ஆளாகக் கரைந்தார்.
இரண்டு பேரும் எனக்குக் கடன்காரர்கள்.

இடது பக்கம் காய்ந்திருக்கிறது.
வலது பக்கமும்.
கட்டைவிரலை உயர்த்தினார், கேள்வியாக.
நானும் உயர்த்தியிருக்கலாம்.
ஆடிட்டர் நாளைக்கே பணம் தருவார்.
பல் டாக்டர் சனிக்கிழமையும் உண்டு.

நடுப்பட்டையின் அடியில்
மிளகளவு ஒரு சொட்டு
திரண்டு, தயங்கி,
என் முழங்காலில் விழுந்தது.

'ஒயுகுது' என்றேன்.
நாலு நாளில் முதல் சொல்.
கன்னம் வீங்கியதால் அப்படி வந்தது என்று சொல்லலாம்.
வீங்காவிட்டாலும்
எங்கள் ஏரியாவில் அது அப்படித்தான் வரும்.

ஹோஸ் நின்றது.
'இன்னாது?'

பக்கக் கண்ணாடியை இறக்கினேன்.
'நடுவுல.'

குனிந்து பார்த்தார்.
மூக்கு நுனியில் தண்ணீர்.
'மறுபடியும் கயட்டணும்.'

'கயட்டு' என்றேன்,
இறங்காமல்.