பதினெட்டாவது வண்டி

இருபத்தாறு கிலோமீட்டர் கடல்.
உறைந்தால் சாலை.
உறையாத வருடம் எனக்குச் சம்பளம் இல்லை.

விதிகள் பலகையில் இருக்கின்றன,
பலகையைப் படிக்காதவர்களுக்காக நான் இருக்கிறேன்:
சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள்.
முன்வண்டியை நெருங்காதீர்கள்.
நடுவில் நிற்காதீர்கள், படம் பிடிக்கக்கூட.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வேகம் மட்டும்
வேண்டவே வேண்டாம்.

ஏன் என்பார்கள் தாலினிலிருந்து வருகிறவர்கள்.
பனிக்கட்டிக்கு அடியில் உங்களோடு ஓர் அலையும் ஓடிவருகிறது,
மெதுவாகப் போனால் அது உங்களை முந்தும்,
அதன் வேகத்துக்கே போனால் நீங்களும் அதுவும் சேர்ந்து
சாலையை உடைப்பீர்கள் என்பேன்.
இருபது குளிர்காலமாக இதே வார்த்தைகள்.
தூக்கத்தில்கூடச் சொல்வதாக லேலோ சொல்லியிருக்கிறாள்.

அவள் போன பிறகு
துளைக்கருவிப் பெட்டியில் ஒரு புத்தகம் கிடந்தது.
மறந்தாளா, விட்டுப்போனாளா, தெரியாது.
ஒல்லிப் புத்தகம். பக்கத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி,
மீதியெல்லாம் வெள்ளை.
மரம் வெட்டியின் மகன் நான்;
இந்த வெள்ளைக்கு எத்தனை பைன் சாய்ந்திருக்கும் என்றுதான்
முதலில் கணக்குப் போட்டேன்.

அவள் மூலை மடித்திருந்த பக்கத்தில்:

யாரோ வருகிறார்கள்.
கரைக்கு முதலில் தெரியும்.

அவ்வளவுதான்.
யார் வருகிறார்கள்? கரைக்கு என்ன கண்ணா இருக்கிறது?
சாவடி ஹீட்டரில் முழங்காலைக் காய்ச்சிக்கொண்டு
திறக்காத ஊறுகாய் ஜாடியைப்போல அதைத் திருகினேன்.
பள்ளிக்கூடத்தில் உருவகத்துக்கு அடிக்கோடு போடச் சொல்வார்கள்.
கரை என்றால் அவள் என்று எழுதினேன். அழித்தேன்.
கரை என்றால் சாவு. அதையும் அழித்தேன்.
பக்கம் சாம்பல் பூத்துப்போனது.

மார்ச் இரண்டாம் வாரம், மதியம் மூன்று மணிக்கு
மூடுபனி ஒரேயடியாக இறங்கியது.
தடுப்பைப் போட்டுவிட்டு எதிர்க்கரைக்குப் போன் செய்தேன்.
பதினெட்டு அனுப்பினேன் என்றாள் வைக்கே.
என் தாளில் பதினேழு கோடுகள்.
மறுபடி எண்ணினேன்.
கோடுகள் எண்ணினால் கூடுமா?

விளக்கை எடுத்துக்கொண்டு பனிமேல் இறங்கினேன்.
வழிக்கு நட்ட ஜூனிபர் கிளைகளில் மூன்று தெரிந்தன,
நாலாவது இல்லை.
காலையில் ஆழம் பார்க்கத் துளைத்த குழியருகே நின்றேன்.
கூப்பிட்டேன். குரல் போகவில்லை,
போன இடத்திலேயே கரைந்தது.
வெள்ளை.
பக்கத்துக்கு ஒரே ஒரு வரிபோல நான்.

அப்போது குழியில் தண்ணீர் நிமிர்ந்தது.

விரல் அளவு. பிறகு விளிம்பு வரை.
பிறகு மெல்ல வழிந்து
என் பூட்ஸுக்குள் வந்தது.
சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை,
எந்தத் திசையிலும் ஒன்றுமில்லை.
வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.
யாரென்று தெரியவில்லை,
தெரிய வேண்டியிருக்கவும் இல்லை.
முட்டாள்போல வாய்விட்டுச் சொன்னேன்,
இரண்டாவது வரியை.

கொஞ்ச நேரம் கழித்து
இரண்டு மஞ்சள் பொட்டுகள்.
லேலோ அல்ல. ஊர்மஸின் ரொட்டி வண்டி.
கதவைத் திறந்து பிடித்தபடி, தலை வெளியே தொங்க,
நடைவேகத்தில் உருட்டி வந்திருக்கிறான்.
திட்டினேன். ஒரு கம்பு ரொட்டி கொடுத்தான்,
இன்னும் சூடு மிச்சமிருந்தது.

சாவடிக்கு வந்து பக்கத்தை விரித்தேன்.
நான் அழித்த சாம்பலுக்கு அடியில்
பென்சிலில், அவள் கையெழுத்தில்,
இரண்டாவது வரியின் ஓரம்
ஒரு கேள்விக்குறி.
எல்லாம் புரிந்தவள் என்றல்லவா
அத்தனை வருடமும் அவளிடம் பேசாமல் இருந்தேன்!

சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.
என்னவென்று சொல்ல,
சாக்ஸ் நனைந்தது என்றா?

பதிவேட்டில் எழுதினேன்:
பனி நாற்பத்தொரு சென்டிமீட்டர். மூடுபனி. பதினெட்டு.
ஹீட்டர்மேல் சாக்ஸ் இரண்டும்
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.