ஒன்பது நாள் இருந்தது

அறுப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது
செல்வி லாய் வந்தபோது.
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்,
மண்ணெடுக்கும் துளைப்பான்,
எண் எழுதிய பிளாஸ்டிக் பைகள்.
வரப்பில் நின்று "மன்னிக்கணும்" என்றாள்.
யாரிடம் என்று தெரியவில்லை,
நெல்லிடமாகவும் இருக்கலாம்.

நெல் நன்றாகத்தான் நின்றது.
மடைவாயில் மட்டும் பாய் அகலத்துக்கு ஒரு வட்டம்
ஐந்து வருஷமாய்க் குட்டை, தூர் கட்டாது.
மற்றதெல்லாம் பால் வற்றி, மணி முற்றி,
சாங்ஹுவாவின் கடல்காற்றுக்குத் தலை தொங்கிக் கிடந்தது.
நோய் என்றால் இலை கருக வேண்டும்,
கதிர் பதராக வேண்டும்.
போ-யுவான் ஒரு மணியைக் கடித்துக் காட்டினான்:
"முறிகிற சத்தம் கேட்டீர்களா?"
அவள் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வேலை செய்வது வாய்க்காலின் மேல்முனையில்,
முலாம் பூசும் கொட்டகையில், இரவு ஷிஃப்ட்.
கப்பலுக்குப் போகும் போல்ட்டுகள்.
உப்புத் தொட்டியில் முக்கி எடுத்தால்
முப்பது வருஷம் துரு அண்டாது,
அட்டைப்பெட்டியிலேயே உத்தரவாதம் அச்சடித்திருக்கும்.
மண்ணுக்குக் கொடுத்த உத்தரவாதம் அதைவிட நீளம் என்று
எந்தப் பெட்டியிலும் போடவில்லை.

வியாழக்கிழமை தொட்டி கழுவுவோம்.
இரவு இரண்டு மணிக்கு மேஸ்திரி தலையசைப்பார்,
நான் வால்வைத் திறப்பேன்.
ஐந்தரைக்குப் போ-யுவான் மடையைத் திறப்பான்.
எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே
திறந்துவிடுகிற வேலை.

அவனுடைய பம்ப்செட் என் சம்பளத்தில் வாங்கியது.
உரமும்தான்.
உப்பைத் தின்றவர் தண்ணீர் குடித்தாக வேண்டுமாம்.
தின்றவள் நான்.
குடித்தது வயல்.

அறிக்கை ஆறாம் நாள் வந்தது.
ஒரு புள்ளி, அதன் பின்னால் இரண்டு இலக்கம்,
அவ்வளவுதான்.
அந்த உலோகத்துக்கு எங்கள் எழுத்தில்
இடப்பக்கம் பொன்,
வலப்பக்கம் பழங்காலத்துச் சமையல் பானை.
முன்பே யாரோ பார்த்துத்தான்
எழுதிவைத்திருக்கிறார்கள் போல.

கிழமை தவறாமல் இயந்திரம் வந்தது.
அறுப்பு இயந்திரமேதான்,
நாங்கள் வாடகைக்குப் பிடிக்கும் அதே நீல இயந்திரம்,
அதே டிரைவர், அதே வெற்றிலைப் பாக்கு வாய்.
களத்துக்குப் போக வேண்டிய நெல்
எரியுலைக்குப் போனது.
லாரியின் பின்னால் சிட்டுக்குருவிகள்
சந்து திரும்பும் வரை பறந்தன.
அவற்றுக்கு யாரும் அறிக்கை அனுப்பவில்லை.

நஷ்டஈட்டுப் படிவத்தில்
மாசின் மூலம் என்று ஒரு கட்டம்.
செல்வி லாய் "தெரியவில்லை என்று எழுதுங்கள், போதும்" என்றாள்.
போ-யுவான் பேனாவை என் பக்கம் நீட்டினான்.
அவன் கையெழுத்து மோசம், அதனால்தான்.
அதனால் மட்டும்தான் என்று
இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.
எழுதினேன்.
அவன் சிவப்பு மையில் முத்திரையை ஒற்றி
ஊதிக் காயவைத்தான்.

மேல்மண்ணை ஆழத்துக்குப் புரட்டிவிடுவார்களாம்,
அடிமண் மேலே வருமாம்.
எரு காணாத வெளிறிய மண்.
"இரண்டு போகம் சவலையாகத்தான் விளையும்" என்றான்,
வேறு யாருடைய வயலையோ சொல்வதுபோல.
அப்புறம் வாசலில் உட்கார்ந்து
பூட்ஸைக் கழுவினான், வெகுநேரம்,
நகக்கண்ணைச் சுத்தம் செய்வதுபோல் ஒவ்வொரு மடிப்பாய்.

இன்று துணி துவைக்கையில்
அவன் கால்சட்டைப் பையில் பதினோரு நெல்மணி.
துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல்
வரிசையாக வைத்திருக்கிறேன்.
கோழிக்குப் போட முடியாது.
மண்ணில் போட முடியாது.
வாய்க்காலில்?

வியாழக்கிழமை.
ஷிஃப்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.
கையுறை கொடியில் காய்ந்துவிட்டது.