ஜவ்வு

நான் தொடவில்லை.
இரண்டு கை தூரம் இருந்தது
எனக்கும் பெனிட்டாவுக்கும் நடுவில்.
இடது பக்கம் போவதுபோல் காட்டி
வலது பக்கம் திரும்பினாள்.
உடம்பு திரும்பியது, ஷூ மண்ணிலேயே நின்றது.
ஈரத்துணிக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.
அவளுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது.
மற்றவர்களுக்கு எண்ணூர் ரோட்டில்
கண்டெய்னர் லாரி ஹாரன்தான் கேட்டிருக்கும்.

விழுந்தவள் பக்கத்தில் நின்றது நான்.
அது போதும் தண்டையார்பேட்டைக்கு.
பேச்சு டீக்கடைக்கு வருவதற்குள் நான் உதைத்திருந்தேன்.
ரேஷன் கடைக்கு வருவதற்குள்
பிளான் பண்ணி உதைத்திருந்தேன்.
ராத்திரி எட்டு மணிக்கு அவள் அம்மா,
காசிமேட்டு ஏலத்தில் நாலு ஆம்பளைக் குரலை
ஒற்றை ஆளாய் அமுக்குகிற குரல்,
ஹவுசிங் போர்டு படிக்கட்டில் நின்று
என் காலில் புழு வைக்கட்டும் என்றாள்.
பெனிட்டா எதுவும் சொல்லவில்லை.
ரயில்வே டிரையலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

ஸ்டான்லியில் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஜவ்வு கிழிஞ்சிருக்கு என்றார்கள்.
யார் மோதியது என்று டாக்டர் கேட்கவே இல்லை.
முக்கால்வாசி தானாகத்தான் கிழியும்,
திரும்பும்போது, குதித்து இறங்கும்போது என்றார்.
பக்கத்துக் கட்டில்காரிக்குச் சொல்வதுபோல்
பெனிட்டா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜவ்வு என்றால் எனக்குத் தெரிந்தது
கொம்பில் சுற்றிய ரோஸ் மிட்டாய்.
இழுத்தால் வரும், வரும், வந்துகொண்டே இருக்கும்,
மணிக்கட்டில் வாட்ச் ஆகும்.
முட்டிக்குள் இருப்பதற்கு அந்தப் பொறுமை இல்லை.
தொடைக்குப் பின்னாலிருந்து வேறொரு நாரை உருவி
எலும்பில் ஓட்டை போட்டுக் கோத்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபி.
யார் கூட்டிப்போவது?
"உடைச்சவதான் கூட்டினு போணும்."
சொன்னது பெனிட்டா.
சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

ஸ்கூட்டியில், மடங்காத காலை நீட்டி
ஒருக்களித்து உட்காருவாள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கிடக்கும்.
எண்ணெய் டேங்கர் வேகன்களை நான் எண்ணுவேன்,
நாற்பத்தாறு, நாற்பத்தேழு.
அவள் டிகிரி எண்ணுவாள்.
முப்பது. நாற்பத்தைந்து.
போன வாரமும் நாற்பத்தைந்து.
துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து
அமுக்கு, பத்து எண்ணு, விடு.
மெலிந்த தொடையை டேப்பால் அளந்தது நான்.
இரண்டு விரற்கடை குறைவு.
டிரையல் எப்போதோ முடிந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கேட்டில் வைத்து,
என் முதுகுக்குப் பின்னாலிருந்து:
"எவளாச்சும் உதைச்சு உடைஞ்சா அது அடி.
தானா உடைஞ்சா?
என் காலே என்னை வுட்டுச்சுன்னு
எங்கம்மாவாண்ட எப்டிடி சொல்றது?"

வேகன் எண்ணிக்கை தவறிப்போனது.
"சரி, நான்தான் உதைச்சேன்" என்றேன்.
"தேங்க்ஸ்" என்றாள்.
கேட் தூக்கினார்கள். பின்னால் ஆட்டோக்காரன்
எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினான்.

பதினோராம் மாதம்.
விளக்கு போடாத மைதானம், உப்புக்காற்று.
பந்தோடு வந்தாள். இரண்டு கை தூரத்தில்
பழக்கத்தில் நின்றேன்.
அதே இடது.
அதே வலதுக்கு முன்னால் முட்டி ஒரு நொடி யோசித்தது,
எனக்குத் தெரிந்தது.
பந்தை மிதித்து நிறுத்தினாள்.
"கிட்ட வாடி பேமானி.
இந்தத் தபாவாச்சும் தொடு."

தோளால் இடித்தேன், கொஞ்சம் பலமாகவே.
தள்ளாடினாள்.
வலது காலை ஊன்றி நின்றாள்.
நின்றாள்.
பந்து உருண்டு கால்வாய்ப் பக்கம் போனது.
"உடைச்சவதான் எடுக்கணும்" என்றாள்.
இப்போது சிரித்தாள்.