முப்பது எண்ணும் வரை

இரவு ஷிப்டுக்கு வந்ததும்
கைப்பேசியை மைலோ டின்னுக்குள் போட்டு
மூடியை அழுத்தி
அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன்.
அதிர்ந்தால் அதிரட்டும்.
உள்ளே ஒரு வண்டு மாட்டிக்கொண்டது
என்று நினைத்துக்கொள்வேன்.

சிலிம் ரிவர் டவுனைத் தாண்டி ஆறாங்கட்டையில்
செம்பனை ஆலையின் பின்கட்டில் என் ஆய்வுக்கூடம்.
ஆய்வுக்கூடம் என்பது பெரிய வார்த்தை.
ஒரு தராசு, ஒரு சூடடுப்பு,
துரு ஏறிய மின்விசிறி,
கோடு போட்ட கண்ணாடிக் குழாய்,
நான்.

வேலை இதுதான்.
ஆலை எண்ணெயில் கொஞ்சம் எடுத்து நிறுத்து,
கரைப்பான் ஊற்றி,
மேலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாய் விட வேண்டும்.
சிவக்கும். குலுக்கினால் மறையும்.
இன்னொன்று. மறையும்.
ஏதோ ஒரு சொட்டில்
ஆரஞ்சுக்குள் இளஞ்சிவப்பு வந்து நிற்கும்.
முப்பது விநாடி நின்றால் அதுதான் கணக்கு.
அதற்கு முந்தின சொட்டும் பொய்,
பிந்தினதும் பொய்.

மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை
நான் பிந்தினதில் போய் நின்றேன்.
இடது கை குழாய்த் திருகில்.
மேசையில் வெளிச்சம்:
சின்னம்மா மகளின் சேலை வியாபாரம், நேரலை.
ஒரு கண் போனது. ஒரு கண்தான்.
திரும்பிப் பார்த்தால்
குடுவை நிறைய ரோஸ் பண்டுங்.
மறுபடி செய்திருக்கலாம்.
மணி மூன்று.
ஐந்து புள்ளி மூன்று என்று எழுதிவிட்டேன்.

ஐந்தைத் தாண்டினால் தொட்டியைத் திறக்க மாட்டார்கள்.
எடைமேடையருகே ஜுனைடி
லோரிக்குள்ளேயே காலை மடக்கித் தூங்கினான்.
காலையில் யுஸ்னிசா வந்து சோதித்தாள்.
நான்கு புள்ளி ஒன்று.
யாரும் ஏசவில்லை.
ஜுனைடி மட்டும் வால்வை முறுக்கிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
எட்டு மணிக்குத் தஞ்சோங் மாலிமில்
அவன் மகள் நூறு மீட்டர் ஓடியிருப்பாளாம்.

அதற்குப் பிறகுதான் இந்த டின்.

முதல் சில இரவுகள்
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது,
விழுந்த பல்லின் குழிக்கு நாக்கு போவதுபோல.
வெறுங்கையாகத் திரும்பும். மறுபடி போகும்.
இரண்டாவது வாரம்
கொதிகலனின் இரைச்சல் பிரிந்து கேட்டது.
இது நீராவி, இது சங்கிலி,
இது எங்கோ எண்ணெய் போடாத ஒரு சக்கரம்.
விழுவதற்கு முன் சொட்டு
கொஞ்சம் நீள்கிறது, யோசிப்பதுபோல.
ஒன்பது வருடமாக அதைப் பார்த்ததில்லை.

டின்னுக்குள் அடங்காதவையும் உண்டு.
மைவி காரின் தவணை.
அவருடைய இருமல்.
அவை வந்து மேசையருகே நிற்கும்.
நிற்கட்டும்.
நான் சொட்டைப் பார்ப்பேன்.
நின்று சலித்து அவையாக உட்கார்ந்துகொள்ளும்.
இரண்டு மணி நேர வேலை இப்போது
ஒரு மணியில் முடிகிறது.
மீதி நேரத்தில் என்ன செய்கிறேன் என்றாள் யுஸ்னிசா.
ஒன்றும் செய்வதில்லை. அதுவே பழக நாளாயிற்று.

ஏழு மணிக்கு மூடியைத் திறந்தால்
நாற்பத்தோரு செய்திகள்.
இருபத்தாறு, காலை வணக்கம் எழுதிய சூரியன்கள்.
வெளியே செம்பனைக்கு மேல்
எழுத்தில்லாத ஒன்று, புகைக்குப் பின்னால்.

வீட்டில் பசியாறக் கூப்பிட்டுவிட்டு
அவர் பேசத் தொடங்குவார்.
அடைத்துக்கொண்ட கால்வாய், பக்கத்து வீட்டுச் சேவல்.
முன்பெல்லாம் திரையைத் தள்ளிக்கொண்டே
உம் கொட்டுவேன்,
முடிவே இல்லாத பேச்சு என்று நினைத்துக்கொண்டு.
முழுதாகக் கேட்டால் நாலே நிமிடம்தான்.

நேற்றும் முடித்தார்.
நான் எழவில்லை.
முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன்.
பதினேழு, பதினெட்டு.
தட்டின் விளிம்பைத் தடவினார்.
இருபத்து நான்கு.

பிறகு மெதுவாக,
போன மாதம் கிளினிக்குப் போனதை,
அங்கே படம் எடுத்ததை,
டாக்டர் சொன்னதைச்
சொன்னார்.

தோசை ஆறிக்கொண்டிருந்தது.