வில்லங்கம்

காட்பாடி சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
ஜெராக்ஸ் கடையை ஒட்டி என் மேசை.
இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
ஃபாதர் சவரிராயன் வந்து ஒரு புத்தகத்தை வைத்தார்.
சிரியா பக்கத்துத் துறவி, அப்பா சீலாவின் சரித்திரம்.
"திருவிழாவுக்குள் தமிழில் வேணும். உமக்குக் கை ஓடும்."

அப்பா என்றுதான் அவர்களும் சொல்வார்களாம்.
அந்த ஒரு சொல்லுக்கு நான் மெனக்கெடவில்லை.

ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்
ஓர் ஆயர் எழுதியது,
துறவி செத்து அறுபது ஆண்டு கழித்து.
நான் பார்த்ததில்லை, பார்த்தவரைப் பார்த்தேன் என்கிறார்.
சாட்சிக் கையெழுத்துக்காரர்களை எனக்குத் தெரியாதா?

பத்திரம் படிக்கிற கண்ணால்தான் படித்தேன்.
"அவர் எலும்புகள் நம் ஊரிலேயே உள்ளன."
மூன்று இடத்தில் வருகிறது.
ஒரே சங்கதியை மூன்று முறை எழுதினால்
எங்கோ கேஸ் நடக்கிறது.
பக்கத்து ஊர்க்காரனிடமும்
ஒரு பெட்டி எலும்பு இருந்திருக்கும்.

பேய்கள் வருகின்றன.
கொம்பில்லை, வாலில்லை,
கையில் கணக்குச் சுருள். பாக்கி கேட்கின்றன.
அந்த வருடம் ஆயருக்கு வரி நெருக்கடி.

ராஜா வந்தபோதும் கண் திறக்காத அப்பா சீலா
ஆயர் வந்ததும் எழுந்து நின்றாராம்.
முப்பது வருடம் நின்றபடியே தவமிருந்தவர்
எப்படி எழுந்தார் என்று ஆயர் சொல்லவில்லை.

சிரித்துக்கொண்டே எழுதி முடித்தேன்.

ப்ரூஃப் வந்தது. பதினோராம் பக்கம்.
மூலத்தில் ஒரே வரி:
தனக்கிருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்.
என் தமிழில்:
"பிதுரார்ஜித நிலத்தில் சரிபாதியை
யாதொரு பிரதிபலனும் இன்றித்
தன் தங்கைக்கு விட்டுக்கொடுத்து,
மீதியை ஏழைகளுக்குக் கொடுத்தார்."

புத்தகத்தில் தங்கையே கிடையாது.

லத்தேரியில் முப்பத்தெட்டு சென்ட்.
வடக்கே ஏரி வாய்க்கால், கிழக்கே மாந்தோப்பு.
விடுதலைப் பத்திரம் நானே எழுதியது.
ரெஜினா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.
"நீ எழுதினதுதானே."
ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

அடிக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன்.
"அந்தத் தங்கை வர்ற இடம் இருக்கே, அருமை ஐயா"
என்றார் ஃபாதர்.
மூடிவிட்டேன்.
இனி யாராவது என்றாவது
என்னையும் இப்படிப் படிப்பார்கள்,
ஒரு கேஸ் நடந்திருக்கிறது என்று.
தவறு. கேஸே நடக்கவில்லை. அதுதான்.

கொடியேற்றத்தன்று ஆரணி வண்டியில் வந்தாள்.
சும்மா எடுத்துக்கொள் என்றேன்;
பத்து ரூபாயை மேசைமேல் வைத்தாள்.
மைக்செட் சத்தத்தில்
கொடிமரத்தோரம் நின்றபடி வாசித்தாள்,
உதடு அசைய, ஒவ்வொரு வரியாக.
நான் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் நெடுநேரம் நின்றாள்.

பிறகு வந்து கேட்டாள்:
"அந்தத் தங்கச்சிக்குப் பேரு போடலியே, அண்ணா?"